கையில் வாள், வாயில் பல்: இரண்டையும் ஒரே சுற்றில் அடிப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எல்லையின் இரண்டு பக்கத்திலும் ஞாயிற்றுக்கிழமை பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு மேசை போட நினைக்கிற புதியவர்களுக்கான கட்டுரை இது. பாலக்காட்டுக்காரர் மலையாளத்தில் கேட்பார், பொள்ளாச்சிக்காரர் தமிழில் பதில் சொல்வார், விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். இப்படிப்பட்ட மேசையில் சண்டை தடுமாறி நிற்கும் இடங்களில் ஒன்று, நகமும் பல்லும் உள்ள கதாபாத்திரம் கையில் வாளையும் எடுத்துக்கொண்டு வரும் இடம். எத்தனை அடி? எதற்கு எவ்வளவு குறைக்க வேண்டும்? எந்த அடிக்கு முழு பலம் சேரும்? விதி சின்னதுதான். ஆனால் அது புத்தகத்தில் நாலைந்து இடங்களில் பிரிந்து கிடப்பதால் குழப்பம் வருகிறது.

இங்கே சொல்வது முழுக்க பாத்ஃபைண்டர் முதல் பதிப்பின் (2009) கணக்கு. அதற்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 (2003) ஆடுபவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பிலும் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பிலும் கதை வேறு, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் எது எந்த வகை

உடம்போடு பிறந்த ஆயுதங்கள் இரண்டு வகை. பிரைமரி என்றால் முழு பேஸ் அட்டாக் போனஸ் (லெவல் ஏற ஏற உயரும், இருபது முகப் பகடையான டி20 உருட்டலோடு கூட்டும் தாக்குதல் எண்), டேமேஜில், அதாவது அடி பட்டால் உண்டாகும் சேதத்தில், முழு ஸ்ட்ரெங்த் (உடல் பலத்தின் போனஸ்). செகண்டரி என்றால் பேஸ் அட்டாக்கில் 5 குறையும், ஸ்ட்ரெங்த்தில் பாதிதான் சேரும். கடி, நகம், கொம்புக் குத்து, உடம்பால் மோதும் ஸ்லாம், கொடுக்கு எல்லாம் பிரைமரி. வாலடி, இறக்கை, குளம்பு, டென்டக்கிள், இடுக்கி எல்லாம் செகண்டரி. நடுத்தர உருவத்துக்கு வழக்கமான டேமேஜ் கடிக்கு 1டி6 (ஆறு முகப் பகடை ஒன்று), நகத்துக்கு 1டி4, கொம்புக்கு 1டி6, வாலுக்கு 1டி6. உங்கள் இனமோ வகுப்போ வேறு எண் தந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, பல் நீண்ட அரை-ஓர்க்குக்குக் கடி 1டி4, டெங்கு (Tengu) என்ற பறவை மனித இனத்தின் அலகுக்கு 1டி3. ஃபெரல் மியூட்டஜன் குடித்த ஆல்கெமிஸ்ட்டுக்கு நகம் 1டி6, கடி 1டி8.

வாள், கோடாரி, ஈட்டி போன்ற செய்த ஆயுதங்களுக்கு பேஸ் அட்டாக் +6 ஆனதும் இரண்டாவது அடி கிடைக்கும், +6/+1 என்று எழுதுவோமே, அது. உடம்பு ஆயுதங்களுக்கு அது கிடையவே கிடையாது. பேஸ் அட்டாக் +16 ஆனாலும் ஒரு வாய் ஒரு சுற்றில் ஒரு கடிதான். புதியவர்கள் கதாபாத்திர ஷீட்டில் அதிகம் தவறாக எழுதுவது இதைத்தான். கடிக்கு நேராக +10/+5 என்று இருந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

வெறும் கைக்குத்தும் உதையும் இந்த விஷயத்தில் வாளோடு சேரும், நகத்தோடு சேராது. அதாவது பேஸ் அட்டாக் ஏற ஏற அடியும் கூடும்.

கலக்கும்போது மாறும் ஒரே விதி

ஃபுல் அட்டாக் (அதிகம் நகராமல் சுற்று முழுவதையும் அடிக்கவே செலவழிப்பது) எடுத்து, அதில் வாளையும் உடம்பு ஆயுதத்தையும் சேர்த்து அடித்தால், அந்தச் சுற்றில் எல்லா உடம்பு ஆயுதமும் செகண்டரி ஆகிவிடும். சாதாரணமாக பிரைமரியாக இருக்கும் கடியும் நகமும் கூடத்தான். 5 குறைவு, பாதி ஸ்ட்ரெங்த். வாளுக்கு எதுவும் குறையாது. ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு உறுப்பு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதைச் சுற்றி வரும் நுணுக்கங்களில்தான் தப்பு நடக்கும். வால் ஏற்கெனவே செகண்டரி, அதனால் கலந்தாலும் 5 மட்டுமே குறையும், 10 இல்லை. ஸ்ட்ரெங்த் போனஸ் +3 என்றால் பாதி 1, கீழ்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். வாளின் +1 மந்திரம் வாளோடு நிற்கும், பல்லுக்கு வராது. வெப்பன் ஃபோகஸ் என்ற ஃபீட்டை (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் தனித்திறன்) வாளுக்கு எடுத்திருந்தால் அதுவும் வாளுக்கு மட்டும். இரண்டு கைகளிலும் ஆயுதம் ஏந்தி அடிப்பதற்கான தண்டனையை இங்கே கொண்டுவர வேண்டாம். ஒரு கையில் வாள், வாயில் கடி என்றால் அது இரட்டை ஆயுதச் சண்டை ஆகாது.

ஒரே ஒரு உடம்பு ஆயுதம் மட்டும் உள்ளவர் அதை மட்டும் வைத்து அடித்தால் டேமேஜில் ஸ்ட்ரெங்த்தின் ஒன்றரை மடங்கு சேரும். வாளோடு சேர்த்த சுற்றில் அதே கடிக்குப் பாதிதான். ஆக ஒரே பல்லுக்கு ஷீட்டில் இரண்டு வரி வேண்டும்.

கையை எண்ணுவது

விதி புரிந்தவரும் மேசையில் தடுமாறுவது கை எண்ணிக்கையில். வாள் பிடித்த கையால் கீற முடியாது. கேடயம் பிடித்த கையாலும் முடியாது. இரண்டு கைகளால் பிடிக்கும் கிரேட்ஸ்வோர்ட் இரண்டு நகத்தையும் தின்றுவிடும். கடி, கொம்பு, வால், இறக்கைக்குக் கை தேவையில்லை, அவை மிஞ்சும்.

இதற்கு எளிய ஏற்பாடு புளியங்கொட்டை. ஷீட்டுக்குப் பக்கத்தில் உறுப்புக்கு ஒன்றாக வையுங்கள்: வலது கை, இடது கை, வாய், வால் இருந்தால் வால். அடிக்கும்போது அந்த உறுப்பின் கொட்டையை நடுவே தள்ளுங்கள். இரண்டு கை ஆயுதத்துக்கு இரண்டு கொட்டையும் போகும். வாளின் +6/+1 இரண்டாவது அடிக்குப் புதிய கொட்டை வேண்டாம், அதே கைதான். கொட்டை தீர்ந்தால் அடி தீர்ந்தது. சித்தூர் தாலுகாவில் ஆடி மாசத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஆடினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காகிதத் துண்டை நிற்கவிடாது. கொட்டை பறக்காது.

மேசையில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்:

“அண்ணா, வாளால ரெண்டு அடி அடிச்சிட்டு, வாளைக் கீழ போட்டுட்டு அதே கையால கீறலாமா?”

“அந்தக் கைக் கொட்டை எங்க இருக்கு தம்பி?”

“நடுவுல.”

“அப்ப இந்தச் சுத்துக்கு அந்தக் கை முடிஞ்சுது. வாய் இருக்குல்ல, கடி.”

ஆயுதத்தைக் கீழே போடுவது நேரம் பிடிக்காத ஃப்ரீ ஆக்‌ஷன்தான். ஆனால் ஒரு உறுப்பு ஒரு சுற்றில் வாளுக்கும் நகத்துக்கும் சேர்த்து உழைக்காது. அடுத்த சுற்றில் வெறுங்கையோடு தொடங்கினால் நகம் கிடைக்கும்.

கணக்கு போட்டுப் பார்த்தால்

கலந்தால் அடி கூடும், ஆகவே நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல நேரம் அது நஷ்டம். எண்ணைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

ஆறாம் லெவல் ஃபைட்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம், பெயர் சடையன். பேஸ் அட்டாக் +6/+1, ஸ்ட்ரெங்த் 18 (+4), கடி 1டி6, இரண்டு நகம் 1டி4. எதிரியின் ஏ.சி. (ஆர்மர் கிளாஸ், அடி பட உருட்டலும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) 19. சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடினம்) 6 உள்ள எதிரிக்கு பெஸ்டியரி என்ற மிருகப் புத்தகம் காட்டும் சராசரி அதுதான். மந்திரம் எதுவும் இல்லை, கிரிட்டிகலை (டேமேஜ் பெருகும் அதிர்ஷ்ட அடி) கணக்கில் சேர்க்கவில்லை. அடிக்கு பேஸ் அட்டாக்கோடு ஸ்ட்ரெங்த்தும் சேரும் (6+4), இரண்டு கை ஆயுதத்தின் டேமேஜில் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்கு. ஷீட்டில் இப்படி மூன்று வரி வரும்:

வெறும் உடம்பு: கடி +10 (1டி6+4), நகம் +10 (1டி4+4), நகம் +10 (1டி4+4)

லாங்ஸ்வோர்டோடு: வாள் +10/+5 (1டி8+4), கடி +5 (1டி6+2), நகம் +5 (1டி4+2)

கிரேட்ஸ்வோர்டோடு: வாள் +10/+5 (2டி6+6), கடி +5 (1டி6+2)

+10க்கு டி20யில் 9 அல்லது மேல் விழ வேண்டும், அது 60 சதவீதம். +5க்கு 14 வேண்டும், 35 சதவீதம். ஒவ்வொரு அடியின் சராசரி டேமேஜை அதன் வாய்ப்போடு பெருக்கிக் கூட்டுங்கள். வெறும் உடம்பு வரிக்கு ஒரு சுற்றில் 12.3 வருகிறது. லாங்ஸ்வோர்ட் கலவையில் நாலு அடி இருந்தும் சுமார் 11.6தான். கிரேட்ஸ்வோர்டும் கடியும் சேர்ந்து சுமார் 14.3. கடியை விட்டுவிட்டு கிரேட்ஸ்வோர்ட் மட்டும் என்றால் 12.35.

இதில் தெரிவது ஒன்று. ஒரு கை வாள் எடுத்ததும் ஒரு நகம் போய்விட்டது, மிச்சம் இருந்த கடியும் நகமும் பலம் குறைந்துவிட்டன. அந்த இழப்பை லாங்ஸ்வோர்ட் ஈடுகட்டவில்லை. கிரேட்ஸ்வோர்டில் கை இரண்டும் நல்ல வேலை செய்கின்றன, கடி மேலே கிடைத்த லாபம். ஆகவே எங்கள் பரிந்துரை நேரானது: இரண்டு கை ஆயுதத்தோடு கடி அல்லது கொம்பு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆயுதமே இல்லாமல் உடம்பை மட்டும் நம்புங்கள். ஒரு கை வாளோடு ஒரு நகம் என்ற நடுவழி அழகாகத் தோன்றும், வேலை செய்யாது. கேடயம் கட்டாயம் வேண்டும் என்பவர் அந்த ஒரு நகத்தையும் மறந்துவிட்டு, வாளோடு கடியை மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

மல்ட்டிஅட்டாக் ஃபீட் எடுத்தால் கணக்கு கொஞ்சம் நகரும். அது செகண்டரியின் குறைவை 5லிருந்து 2ஆக்கும், பாதி ஸ்ட்ரெங்த் அப்படியே இருக்கும். மூன்று உடம்பு ஆயுதமாவது இருந்தால்தான் எடுக்க முடியும். சடையனுக்கு இருக்கிறது. இது பெஸ்டியரியில் உள்ள ஃபீட் என்பதால் ஆட்டத்தை நடத்தும் ஜி.எம்.மிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எடுத்தால் லாங்ஸ்வோர்ட் கலவை சுமார் 13.1, கிரேட்ஸ்வோர்ட் கலவை 15.1. கடி மட்டும் கலப்பவருக்கு ஒரு ஃபீட்டுக்கு 0.8 டேமேஜ்தான் லாபம் என்பதால், அவர் அந்த இடத்தில் வேறு எடுப்பது நல்லது.

பவர் அட்டாக் இன்னொரு திருப்பம். பேஸ் அட்டாக் +6இல் அடிக்கு 2 குறைத்து, ஒரு கை ஆயுதத்துக்கும் பிரைமரிக்கும் டேமேஜில் 4 கூட்டும். இரண்டு கை ஆயுதத்துக்கு 6. செகண்டரிக்கு 2 மட்டும். இப்போது வெறும் உடம்பு வரி 16.25, கிரேட்ஸ்வோர்டும் கடியும் சேர்ந்து சுமார் 16.1, லாங்ஸ்வோர்ட் கலவை 12.9. பவர் அட்டாக் போட்டால் மூன்று பிரைமரி அடி பெரிய வாளுக்குச் சமமாக வந்து நிற்கிறது. எதிரியின் ஏ.சி. ஏற ஏற −5 அடிகள் இன்னும் மோசமாகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

டேமேஜ் ரிடக்‌ஷன் என்ற சுவர்

ஒவ்வொரு அடியின் டேமேஜிலிருந்தும் குறிப்பிட்ட எண்ணைக் கழிக்கும் இதுதான் சின்னச் சின்ன அடிகளுக்கு முதல் எதிரி. டேமேஜ் ரிடக்‌ஷன் 5 உள்ள எதிரிமேல் 1டி4+2 நகம் பட்டால் வருவது 3, 4, 5 அல்லது 6. நாலில் மூன்று முறை டேமேஜ் பூஜ்யம், ஒரு முறை 1. கடியும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆறில் மூன்று முறை பூஜ்யம். கார்காயிலின் 10/மேஜிக் (மந்திர ஆயுதம் தவிர எதற்கும் 10 கழியும்) முன்னால் மந்திரமில்லாத செகண்டரி அடிகளுக்கு டி20 உருட்டுவதே நேர விரயம்.

ஆனால் இதே சுவர் சில நேரம் மறுபக்கம் திரும்பும். எலும்புக்கூட்டுக்கு 5/பிளஜனிங், அதாவது நசுக்கும் அடி மட்டும் முழுசாகப் படும். வாள் வெட்டும் ஆயுதம், 5 போய்விடும். கடி நசுக்கல், குத்தல், வெட்டு மூன்றாகவும் கணக்காகும். நகம் நசுக்கலாகவும் வெட்டாகவும் கணக்காகும். எலும்புக்கூடு வந்தால் வாளைப் போட்டுவிட்டு வெறும் உடம்பு வரிக்கு மாறுங்கள். புதியவர்கள் பலருக்கு இது தெரியாமல் வாளையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஃபுல் அட்டாக் கிடைக்காத சுற்று

மேலே சொன்ன எல்லாம் ஃபுல் அட்டாக் எடுத்தால்தான். ஐந்தடி ஸ்டெப்புக்கு (ஐந்து அடி தூரம் நகர்வது) மேல் நடந்தால் ஒரே அடி, அது வாளாகவோ கடியாகவோ இருக்கலாம். அப்படித் தனியாகக் கடிக்கும்போது கடி மீண்டும் பிரைமரி, 5 குறைக்கக் கூடாது. சார்ஜிலும் (ஓடிப்போய்த் தாக்குவது) ஒரே அடி. பவுன்ஸ் என்ற திறன் இருந்தால் மட்டும் சார்ஜின் முடிவில் ஃபுல் அட்டாக் கிடைக்கும்.

எதிரியை உங்களிடம் வரவழைப்பது அதனால்தான் லாபம். அதற்குச் சிறந்த ஆயுதம் லாங்ஸ்பியர். இரண்டு கைகளால் பிடிக்கும் நீண்ட ஈட்டி, 10 அடி தூரத்தில் குத்தும், பக்கத்துக் கட்டத்தில் நிற்பவரைக் குத்த முடியாது. கடிக்கு எட்டும் தூரம் 5 அடி. இரண்டும் சேர்ந்தால் பக்கத்துக் கட்டமும் அதற்கடுத்த கட்டமும் உங்கள் காவலில். பனந்தோப்பு வழியாக வரும் கொள்ளைக்கூட்டத்தைத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடிப் பாருங்கள், ஒரு அங்குலம் ஐந்தடி. ஈட்டிக்காரர் வேலி இடைவெளியில் நின்றால் 10 அடிக் கட்டத்திலிருந்து உள்ளே கால் வைப்பவருக்கு ஆப்பர்ச்சுனிட்டி அடி (காவல் கட்டத்தைக் கடப்பவருக்கு விழும் உடனடி அடி) ஈட்டியால் விழும். அதையும் தாண்டி ஒட்டி வந்தவருக்கு அடுத்த சுற்றில் கடி, பின்னால் நிற்பவருக்கு ஈட்டி +10/+5, எல்லாம் ஒரே ஃபுல் அட்டாக்கில். ஓகர் மாதிரி அதற்கும் 10 அடி எட்டும் எதிரி என்றால் இந்த ஏற்பாட்டின் பாதி பலன் போய்விடும், அங்கே ஐந்தடி ஸ்டெப் வைத்து ஒட்டிக்கொண்டு கிரேட்ஸ்வோர்ட் எடுப்பதே மேல்.

ஹேஸ்ட் மந்திரம் விழுந்தால் கிடைக்கும் கூடுதல் அடியை வாளுக்குக் கொடுங்கள், கடிக்கு வேண்டாம். முழு போனஸோடு பெரிய டேமேஜ் கிடைக்கும்.

மாங்க் (வெறுங்கையால் சண்டை போடும் வகுப்பு) ஃப்ளரி ஆஃப் ப்ளோஸ் என்ற தொடர் அடியை எடுக்கும் சுற்றில் உடம்பு ஆயுதம் எதையும் சேர்க்க முடியாது, புத்தகம் நேராகவே தடுக்கிறது. ட்ரூயிட் கரடி உருவம் எடுத்தால் அவரது ஆயுதம் உடம்போடு கரைந்துவிடும், கலக்க எதுவும் மிஞ்சாது. நகக்காரர் ஒருவர் இரண்டு கை நகத்தையும் காப்பாற்றிக்கொண்டு கலக்க ஆசைப்பட்டால் உதை ஒரு வழி. இம்ப்ரூவ்ட் அன்ஆர்ம்ட் ஸ்ட்ரைக் எடுத்து, காலால் +10/+5 உதைத்து, பிறகு நகம், நகம், கடி எல்லாம் +5க்கு. அடிகள் ஐந்து. டேமேஜ் குறைவு என்பதால் ஒவ்வொரு அடிக்கும் சேரும் போனஸ் எங்கிருந்தாவது வந்தால்தான் இது தாங்கும்.

காசு எங்கே போட

+1 வாளுக்கு வாள் விலை போக 2,300 கோல்டு ஆகும். அமுலெட் ஆஃப் மைட்டி ஃபிஸ்ட்ஸ் +1க்கு 4,000, ஆனால் எல்லா நகத்துக்கும் பல்லுக்கும் ஒரே தடவையில் சேரும், கைக்குத்துக்கும்கூட. கடி மட்டும் கலப்பவர் வாளில் போடட்டும். மூன்று உடம்பு ஆயுதத்தை நம்புபவர் அமுலெட் வாங்கட்டும். அது கழுத்து இடத்தைப் பிடிக்கும், அமுலெட் ஆஃப் நேச்சுரல் ஆர்மர் போட முடியாது, அதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ட்ரூயிட் இருந்தால் வாங்குவதற்கு முன் கிரேட்டர் மேஜிக் ஃபாங் மந்திரம் கேளுங்கள். லெவலுக்கு ஒரு மணி நேரம் நிற்கும், எல்லா உடம்பு ஆயுதத்துக்கும் +1 தரும்.

வேறு பதிப்பு ஆடினால்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் பிரைமரி, செகண்டரி எதுவும் இல்லை. இனத்தால் வரும் பல்லும் நகமும் கைக்குத்தாகவே கணக்காகும். இரண்டு அடி தரும் எக்ஸ்ட்ரா அட்டாக் இருந்தால் ஒரு அடி வாள், ஒரு அடி கடி என்று மாற்றிக்கொள்ளலாம், எண்ணிக்கை கூடாது. இரட்டை ஆயுத போனஸ் ஆக்‌ஷனுக்குக் கையில் பிடித்த லைட் ஆயுதம் வேண்டும், நகம் அதற்கு உதவாது. விதிவிலக்கு, 2020இல் வந்த பாத் ஆஃப் த பீஸ்ட் பார்பேரியன். காலியாக உள்ள கை நகமாகும். அட்டாக் ஆக்‌ஷனில் நகத்தால் ஒரு முறை அடித்தால் இன்னொரு நக அடி இலவசம். ஐந்தாம் லெவலில் ஒரு கையில் வாள் வைத்து வாள், நகம், நகம் என்று மூன்று அடி அடிக்கலாம்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் (2019) சுற்றுக்கு மூன்று ஆக்‌ஷன். எதை வைத்து அடித்தாலும் இரண்டாவது அடிக்கு −5, மூன்றாவதுக்கு −10. ஆயுதத்துக்கு அஜைல் என்ற குணம் இருந்தால் −4, −8. அதனால் வரிசைதான் முக்கியம்: முதல் அடி பெரிய டேமேஜ் தரும் லாங்ஸ்வோர்டால், இரண்டாவதும் மூன்றாவதும் அஜைல் நகத்தால். நகக் கை காலியாக இருக்க வேண்டும் என்பதால் இங்கே கிரேட்ஸ்வோர்ட் ஒத்துவராது. முதல் பதிப்பில் வேலை செய்யாத ஒரு கை வாளும் ஒரு நகமும் இங்கே நன்றாக வேலை செய்யும்.